என் தோட்டாக்கள் எதிரியின் ஊடாகப் போகின்றன: இணைய வான்போரில் சுடுதலும் பிணையத் தாமதமும்

ஜனவரி 6, மாலை 7.15
(வாசகர் ஒருவரின் கேள்வி)

இரண்டு ஆண்டுகளாக இணையத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை ஓட்டிச் சண்டையிடுகிறேன். எதிரியின் வால் பக்கம் 150 மீட்டர் வரை நெருங்கி, குறிப்புள்ளியைச் சரியாக அவன் உடற்பகுதியில் வைத்துச் சுடுகிறேன். ஒளிரும் தோட்டாக்கள் அவனுக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறுவது கண்ணுக்குத் தெரிகிறது. சேதம் எதுவும் இல்லை. என் பிங், அதாவது பிணையத் தாமதம், 240 மில்லிநொடி. நான் பார்க்கும் இடத்தில் அவன் உண்மையில் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்படியானால் எவ்வளவு தூரம் முன்னால் தள்ளிச் சுட வேண்டும்? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஜனவரி 6, இரவு 10.40

கணக்கு எளிது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு நொடியில் 139 மீட்டர் கடக்கிறது. 240 மில்லிநொடியில் அது 33 மீட்டர் போய்விடும். மெசர்ஷ்மிட் 109 விமானத்தின் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர் என்பதால், நீங்கள் சுடுவது அவனுக்கு மூன்றரை விமான நீளம் பின்னால் இருக்கும் வெற்று வானத்தை. எதிரி நகர்வதைக் கருதி அவனுக்கு முன்னால் வழக்கமாக வைக்கும் முன்குறியோடு இந்த 33 மீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் பல மாதங்களாக இப்படித்தான் சுட்டு வருகிறேன்.

ஜனவரி 7, காலை 6.20

நேற்று இரவு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே பத்தியில் இரண்டு பிழைகள் செய்திருக்கிறேன்.

முதல் பிழை, பிங் என்பது போய்த் திரும்பும் நேரம் என்பதை மறந்தது. உங்களிடமிருந்து சர்வருக்கும், சர்வரிலிருந்து உங்களுக்கும் ஆகும் மொத்தம்தான் 240. ஒரு வழிப் பயணம் ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் எதிரியின் இருப்பிடச் செய்தி அவன் கணினியிலிருந்து சர்வருக்கு வந்து, பிறகே உங்களுக்கு வருகிறது. ஆகவே அவனுடைய பிங்கில் பாதியையும் உங்களுடையதில் பாதியையும் கூட்ட வேண்டும். அவனுக்கு 60 என்றால் 30 கூட்டல் 120, அதாவது 150 மில்லிநொடி. தூரத்தில் 21 மீட்டர். இந்தத் தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் அளவில்தான் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள சர்வருக்கு வெறும் போய்வரவே 100 மில்லிநொடி ஆகிவிடும்.

இரண்டாவது பிழை பெரியது. வந்த செய்தியை அப்படியே திரையில் காட்டும் விளையாட்டு இப்போது அரிது. கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை ஆகியவற்றை வைத்து 'இந்நேரம் அவன் எங்கே இருப்பான்' என்று உங்கள் கணினி கணித்து அங்கே வரைகிறது. கடலில் மாலுமிகள் கரை தெரியாதபோது செய்த கணக்குத்தான் இது. 1980-களில் அமெரிக்க ராணுவத்தின் பயிற்சிக்காக உருவான சிம்நெட் என்ற பிணையம் இதே முறையைக் கையாண்டது. அதிலிருந்து வளர்ந்த நெறிமுறை 1993-இல் ஐ.இ.இ.இ. 1278 என்ற தரமாகவும் ஆனது.

முன்கணிப்பு இருந்தால் நேராகப் பறக்கும் விமானம் ஏறக்குறைய உண்மையான இடத்திலேயே தெரியும். அவன் திடீரென்று திரும்பும்போதுதான் கணிப்புத் தவறும். எவ்வளவு தவறும் என்று பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நேராகப் பறந்தவன் சட்டென்று ஐந்து மடங்கு புவியீர்ப்பு அளவுக்கு இழுத்துத் திரும்புகிறான் என்று கொள்வோம். முடுக்கம் ஏறத்தாழ 49 மீட்டர்/நொடி². முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 150 மில்லிநொடிக்கு வரும் பிழை அரை மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. 300 மில்லிநொடிக்கு 2.2 மீட்டர். அரை நொடிக்கு 6 மீட்டர்.

நேற்றிரவு நான் சொன்ன 33 மீட்டர், விடிவதற்குள் அரை மீட்டராகச் சுருங்கிவிட்டது.

ஜனவரி 9, இரவு 9.05

'அரை மீட்டர்தான் பிழை என்றால் என் தோட்டாக்கள் ஏன் படவில்லை?' என்று கேட்டவர் மீண்டும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு முன் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தோட்டா பட்டதா இல்லையா என்று முடிவு செய்வது யார்?

சுடுபவரின் கணினியே முடிவு செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. என் திரையில் பட்டால் பட்டதுதான். 'இத்தனை தோட்டாக்கள் இடது இறக்கையில் பட்டன' என்ற செய்தி எதிரிக்குப் போய்ச் சேர, அவன் விமானம் சேதமடைகிறது. 1980-களின் இறுதியில் ஏர் வாரியர் போன்ற விளையாட்டுகளைத் தொலைபேசி மோடம் வழியாக ஆடிய காலத்துத் தாமதத்தை நினைத்தால், இதைத் தவிர வேறு எந்த ஏற்பாடும் ஆட்டக்காரரின் பொறுமைக்குள் அடங்கியிருக்காது என்று தோன்றுகிறது. இந்த ஏற்பாட்டில் தாமதத்துக்காக ஓர் அங்குலம்கூட முன்தள்ளிச் சுடத் தேவையில்லை. தள்ளினால் தவறும். நான் பல மாதங்களாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மற்றொன்று, சர்வர் முடிவு செய்வது. அங்கே உங்கள் திரையில் பட்டது சர்வரின் கணக்கில் படாமல் போகலாம். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க இதுவே பாதுகாப்பானது. சுடுபவரின் கணினியை நம்பும் ஏற்பாட்டில் அந்தக் கணினி பொய் சொன்னால் பிடிப்பது கடினம்.

நீங்கள் ஆடுவது எந்த வகை என்று தெரியாமல் யாரும் உங்களுக்கு எண் சொல்ல முடியாது. எதிரியின்மீது பொறி பறப்பது உடனே தெரிகிறதே என்று சிலர் சான்று காட்டுவார்கள். கண் திருப்திக்காகப் பொறியை மட்டும் உங்கள் கணினி வரைந்துவிட்டு, தீர்ப்பைச் சர்வரிடம் விட்டிருக்கலாம். சேதம் எப்போது பதிவாகிறது என்பதைப் பாருங்கள்.

ஜனவரி 10, இரவு 11.50

இவ்வளவு விளக்கம் எழுதிய கையோடு இன்று ஆடினேன். பிங் 38. தோட்டாப் பெட்டிகள் முழுவதும் காலியாயின. எதிரி இன்னும் பறந்துகொண்டிருக்கிறான்.

ஜனவரி 13, மாலை 5.30

38 பிங்கில் தவறவிட்டதற்குப் பிணையத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆகவே இணைப்பையே துண்டித்துவிட்டு, கணினி ஓட்டும் இலக்கு விமானத்தைத் தனியாகத் துரத்தினேன். தாமதம் சுழி. 150 மீட்டர், குறிப்புள்ளி உடற்பகுதியின் நடுவே. சுட்டேன். தோட்டாக்கள் அவன் ஊடாகப் போயின, கேள்வி கேட்டவர் எழுதியதைப் போலவே.

பதிவை மெதுவாக ஓட்டி, மேலிருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. தோட்டாக்கள் ஊடாகப் போகவில்லை. அவன் உடற்பகுதியின் இரு பக்கமும் ஒதுங்கிப் போயிருக்கின்றன. பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டு ஓட்டங்களும் ஒன்றாகத் தெரிகின்றன.

காரணம் குவிதூரம். இறக்கைத் துப்பாக்கிகள் நடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பதால், குறிப்பிட்ட தூரத்தில் இரு பக்கத் தோட்டாக்களும் ஒன்றுகூடும்படி அவற்றை உள்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். நான் எப்போதோ அதை 500 மீட்டர் என்று வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். துப்பாக்கி நடுவிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 150 மீட்டரில் அதன் தோட்டா இன்னும் 1.75 மீட்டர் தள்ளியே போய்க்கொண்டிருக்கும். இரு பக்கமும் சேர்த்து நடுவில் 3.5 மீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. ஒற்றை எஞ்சின் போர்விமானத்தின் உடற்பகுதி அந்தச் சந்துக்குள் வசதியாக நுழைந்துகொள்ளும். இறக்கையில் சில தோட்டாக்கள் துளை போட்டிருக்கலாம். எஞ்சினையும் விமானியையும் அவை தொட வாய்ப்பில்லை.

1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானிகளும் இதே சிக்கலில்தான் இருந்தார்கள். மேலிடம் விதித்த தூரம் 400 கெஜம்; அனுபவப்பட்ட விமானிகள் அதை 250 கெஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 230 மீட்டருக்குக் குறைத்துக்கொண்டார்கள். மாலன் அவர்களில் ஒருவர். மூக்கில் துப்பாக்கி வைத்த பி-38 போன்ற விமானங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்டவர் எந்த விமானம் ஓட்டுகிறார், குவிதூரம் என்ன என்பதைச் சொன்னால் நல்லது.

ஜனவரி 15, இரவு 8.45

குவிதூரம் 450 என்று பதில் வந்திருக்கிறது. நினைத்ததுதான்.

ஆனால் இன்னொருவர், தான் ஓட்டுவது மூக்கில் துப்பாக்கி உள்ள விமானம் என்றும், குறுக்கே பறப்பவனைச் சுடும்போது தனக்கும் படுவதில்லை என்றும், எனவே தாமதமே குற்றவாளி என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு கணக்கு. அமெரிக்க விமானங்களின் 0.50 அங்குலப் பிரௌனிங் துப்பாக்கியின் தோட்டா வாயிலிருந்து நொடிக்கு 870 மீட்டர் அளவில் கிளம்புகிறது. 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.35 நொடி. அதற்குள் செங்குத்தாகக் குறுக்கே போகும் எதிரி 48 மீட்டர் நகர்ந்திருப்பான். அதாவது ஐந்து விமான நீளத்துக்கும் மேல் முன்னால் குறிவைக்க வேண்டும். பிணையம் உண்டாக்கும் பிழை, முன்கணிப்போடு சேர்த்துப் பார்த்தால், அரை மீட்டர். நாற்பத்தெட்டைத் தவறாக மதிப்பிட்டுவிட்டு அரையைக் குறைசொல்கிறோம்.

இதோடு முடியவில்லை. சரியான இடத்தில் குறிவைத்துவிட்டாலும், 9 மீட்டர் நீளமுள்ள விமானம் தோட்டாக்களின் பாதையைக் குறுக்கே கடந்து முடிக்க 0.065 நொடிதான் எடுத்துக்கொள்கிறது. ஆறு துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 800 தோட்டாக்கள் என்றால், நொடிக்கு எண்பது. அந்தக் கண்ணிமைப்பில் அவன் நீளத்துக்குள் விழக்கூடியவை ஐந்து. அந்த ஐந்தில் மேலும் கீழும் சிதறுவது போக ஒன்றோ இரண்டோ பட்டால், எதிரி புகைகூட விடாமல் போவதில் வியப்பு எதுவும் இல்லை.

ஜனவரி 15, இரவு 9.20

என் விமானத்தின் வேகத்தையும் தோட்டாவோடு கூட்ட வேண்டும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆம், விட்டுவிட்டேன். 870-உடன் 139-ஐக் கூட்டினால் நொடிக்கு 1,000 மீட்டரைத் தாண்டுகிறது. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால் நேரம் 0.3 நொடி, முன்குறி 42 மீட்டர். வாதம் மாறவில்லை. ஜெர்மானியரின் 30 மில்லிமீட்டர் எம்.கே. 108 பீரங்கியை வைத்திருப்பவர்கள் இன்னும் முன்னால் போக வேண்டும். அதன் குண்டு நொடிக்கு 500 மீட்டரைச் சற்றே தாண்டிக் கிளம்புகிறது.

ஜனவரி 19, மாலை 4.10

இதுவரை தாமதத்துக்காக அதிகமாகவே வழக்காடிவிட்டேன். இப்போது அதன் உண்மையான குற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் குற்றம் தாமதத்தின் அளவில் இல்லை. அது நிலையில்லாமல் ஏறி இறங்குவதில் இருக்கிறது.

பிங் 200 என்று ஒரே சீராக நின்றால் முன்கணிப்பு ஒழுங்காக வேலை செய்யும். 40-க்கும் 180-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தால், அல்லது நடுவில் சில பேக்கெட்டுகள் (பிணையத்தில் செல்லும் சிறு தரவுத் துண்டுகள்) தொலைந்துபோனால், கணினி கணித்து வரைந்த இடமும் புதிதாக வந்த செய்தியும் முரண்படும். உடனே எதிரி விமானம் ஒரு துள்ளுத் துள்ளி வேறிடத்தில் நிற்கும். குறிப்புள்ளியை வைத்துக்கொண்டு விரலை அழுத்தப் போகும் அந்த நொடியில் இது நடந்தால் வரும் கோபத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. துள்ளலை மறைக்கச் சில விளையாட்டுகள் புதிய இடத்துக்கு விமானத்தை மெல்ல நகர்த்திக் காட்டும். அது பார்க்க அழகு. ஆனால் அந்த இடைவேளையில் நீங்கள் பார்ப்பது பழைய இடமும் அல்ல, புதிய இடமும் அல்ல.

ஓர் ஒப்புதல் வாக்குமூலம். சென்ற ஆண்டு ஒரு ஆட்டக்காரரைப் பொதுவில் குற்றம் சாட்டினேன். வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் துண்டித்துத் துள்ளுகிறார் என்று எழுதினேன். அவர் பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'நான் மட்டும் துள்ளினேனா, எல்லாரும் துள்ளினார்களா?' பதிவைத் திரும்பப் பார்த்தேன். எல்லாரும் துள்ளியிருந்தார்கள்; என் தோழரின் விமானம் உட்பட. ஒருவர் மட்டும் துள்ளினால் கோளாறு பெரும்பாலும் அவர் பக்கம். வானமே துள்ளினால் கோளாறு நம் வீட்டில். என் வீட்டில் வைஃபை. அதே நேரத்தில் அடுத்த அறையில் பெரிய கோப்பு ஒன்று மேலேற்றப்பட்டுக்கொண்டிருக்க, ரவுட்டரின் வரிசையில் என் சிறு பேக்கெட்டுகள் அந்தப் பெருங்கூட்டத்தின் பின்னால் காத்திருந்தன. கம்பி வழி இணைப்புக்கு மாறி, ரவுட்டரில் விளையாட்டுக்கு முன்னுரிமையும் கொடுத்தபின் துள்ளல் நின்றது. பிங் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 22, இரவு 10.15

சுடுபவனின் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறோம். சுடப்படுபவனின் பக்கம் யாரும் கேட்கவில்லை. சுடுபவரின் கணினி தீர்ப்பளிக்கும் ஏற்பாட்டில் தாமதத்தின் சுமை முழுவதையும் தாங்குபவன் அவன்தான்.

முன்கணிப்பு அரைகுறையாக உள்ள இடத்தில் துரத்தலை எண்ணிப் பாருங்கள். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடி. துரத்துபவன் என் பழைய இடத்தைப் பார்ப்பதால் நான் 21 மீட்டர் அருகில் இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. நானும் அவனுடைய பழைய இடத்தைப் பார்ப்பதால் அவன் 21 மீட்டர் தள்ளி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இருவர் திரைக்கும் இடையே 42 மீட்டர் வேறுபாடு. 'அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிச் சுட்டான்?' என்ற புலம்பலின் ஒரு பகுதி இங்கே பிறக்கிறது. என் திரையில் அவனுடைய ஒளிரும் தோட்டாக்கள் என்னைத் தொடாமல் போவதும், அதற்குப் பிறகு இறக்கை முறிவதும்கூட இதே காரணத்தால்தான். அந்தத் தோட்டாக்கள் எனக்குக் காட்டப்படும் படம் மட்டுமே, தீர்ப்பு அவன் வீட்டில் முடிந்துவிட்டது.

நேருக்கு நேர் மோதலில் இது இன்னும் பெரிது. இருவரும் நெருங்கும் வேகம் நொடிக்கு 278 மீட்டர். கால் நொடி பிசகினால் 70 மீட்டர்.

ஜனவரி 27, இரவு 9.30

தரையில் ஓடிச் சுடும் விளையாட்டுகளில் சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, சுட்டவர் பார்த்த கணத்தில் எதிரி எங்கே இருந்தான் என்று சரிபார்க்கிறதே, இங்கே ஏன் அது இல்லை என்று கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலும் விசையை அழுத்திய கணத்திலேயே தோட்டா பட்டுவிடுகிறது. ஒரே ஒரு கணத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். இங்கே தோட்டா கால் நொடிக்கு மேல் காற்றில் இருக்கிறது. நொடிக்கு எண்பது தோட்டாக்களுக்கு, அவை பறக்கும் நேரம் முழுவதையும் பழைய வானத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முடியாத காரியம் அல்ல, செலவுள்ள காரியம். அப்படிச் செய்தாலும் சுமை மறுபடி தப்பியோடுபவன் தலையில்தான் ஏறும்.

பிப்ரவரி 2, காலை 7.00

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய விமானி ஹார்ட்மான், தன் முன்கண்ணாடி முழுவதும் எதிரி நிறையும் வரை நெருங்கியபின்தான் சுடுவார் என்பதால், நாமும் நெருங்கிச் சுட்டால் தாமதப் பிழை குறையும் என்று ஒருவர் எழுத, நானும் ஆமோதித்திருந்தேன். யோசித்தபோது அது தவறு என்று பட்டது. நெருங்கினால் தோட்டா பறக்கும் நேரம் குறைகிறது, சிதறல் குறைகிறது, தோட்டா கீழே விழுவது குறைகிறது. பிணையப் பிழை மட்டும் குறைவதில்லை. இரண்டு மீட்டர் தவறு 300 மீட்டரிலும் இரண்டு மீட்டர்தான், 50 மீட்டரிலும் இரண்டு மீட்டர்தான். ஹார்ட்மானின் முறை நல்ல முறை. அது மருந்தாவது வேறு நோய்க்கு.

பிப்ரவரி 9, இரவு 11.25

கேட்டவர் குவிதூரத்தை 230-க்கு மாற்றிவிட்டாராம். இரண்டு நாளில் நான்கு பேரை வீழ்த்தியிருக்கிறார். இப்போது அவருடைய புதிய புகார், திருப்பத்தை முடித்துத் தப்பிய பிறகும் தன்னைச் சுட்டுவிடுகிறார்கள் என்பது. வாழ்த்துகள்.

அதைச் சோதிக்க நானும் என் தோழரும் எதிரெதிராகப் பறந்து, இருவர் திரையையும் பதிவு செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அன்று நான் சுட்டதில் மிகச் சிறந்தது என்று நான் நினைத்த ஒன்று உண்டு: இடப்பக்கம் இறுக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தவருக்கு முன்னால் குறியைத் தள்ளி, அரை நொடி மட்டும் சுட்டு, இறக்கையை வேரோடு முறித்தேன். அவருடைய பதிவில் அந்த இடத்தை நிறுத்திப் பார்த்தோம். அதற்கு அரை நொடி முன்பே அவர் வலப்பக்கம் புரண்டுவிட்டார். அந்த அரை நொடிக்கான அவருடைய பேக்கெட்டுகள் என்னிடம் வந்து சேரவில்லை. என் கணினி அவரை இடப்பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழு முடுக்கத்தோடு மாறியிருந்தால், அரை நொடியில் வேறுபாடு 12 மீட்டர் வரை வரும். அவர் இறக்கை முழுவதையும்விட அதிகம். அவர் திரையில் என் விமானத்தின் மூக்கு யாருமில்லாத வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது, என் தோட்டாக்கள் ஒழுங்காக அந்த வானத்துக்குள் போகின்றன, அவர் நிம்மதியாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறார், இறக்கை முறிகிறது.

அந்த வீழ்த்தலை என் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று தோழர் கேட்கிறார். மறுத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, காலை 6.50

அவருடைய பதிவைத் தொடர்ந்து பார்த்ததில், முந்தைய சுற்றில் அவர் என்னை வீழ்த்தியதும் இதே வகைதான் என்று தெரிகிறது. இப்போது இருவரும் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம்.